ஏழு வயசுப் பையன் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: மகள் வாங்கிக் கொடுத்தாள் என்று நீல் கெய்மனின் ‘தி ஓஷன் அட் தி எண்ட் ஆஃப் தி லேன்’ படித்தேன். சின்ன நாவல்தான். ஏழு வயசுப் பையன் கதை சொல்கிறான். பண்ணை வீட்டுச் சிறுமி லெட்டி, குளத்தைக் காட்டிக் கடல் என்கிறாள். பையன் தூங்கி எழுந்தால் தொண்டையில் காசு சிக்கியிருக்கிறது. எதை நம்புவது, எதை விடுவது? எனக்கு ஏன் ஒட்டவே இல்லை?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: குளத்தைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. 12 வருஷத்துக்கு ஒரு முறை கங்கை, யமுனை உள்பட 9 நதிகளும் மகாமகக் குளத்துக்கு வருகின்றன என்று சொல்லும் ஊர் உங்களுடையது. 2016-ல் அங்கே முழுக்குப் போட்டவர்கள், நதி எந்த வழியாக வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. அதே மனசோடு லெட்டியின் குளத்தையும் பாருங்கள், போதும்.

அப்புறம், பையன் எதற்கு வருத்தப்படுகிறான் என்று கவனியுங்கள். பணமுடையால் அவன் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். அந்த அறையில் அவன் உயரத்துக்கென்றே வைத்த குட்டி மஞ்சள் வாஷ்பேசின் இருந்தது. பணமுடை அவனுக்கு வெறும் செய்தி. வாஷ்பேசின் போனதுதான் இழப்பு. அங்கே குடிவந்தவர் பணத்தைத் தொலைத்து நொந்து, இவர்கள் காரிலேயே தற்கொலை செய்துகொள்கிறார். அதற்கப்புறம்தான் தொண்டையில் காசு. பெரியவர்களின் பணக்கவலை ஒரு குழந்தையின் மூச்சை அடைப்பதை இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

என்னைக் கேட்டால், நாவலின் உயிர் குளியல்தொட்டிக் காட்சியில் இருக்கிறது. வேலைக்கு வந்த அர்சுலா மாங்க்டன் மனுஷியே அல்ல என்று பையனுக்குத் தெரியும். அவளுக்காக அப்பாவே அவனைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்குகிறார். அவன் அப்பாவின் டையை விடாமல் பிடித்துக்கொள்கிறான். அமுக்குகிற அந்தக் கையில் மாயம் எதுவும் இல்லை. அதனால்தான் பூதத்தைவிட அது பயமாக இருக்கிறது. அப்பா இப்படி ஆனதற்கு ஒரு பூதம் காரணம் என்று இருந்தால்தான் அந்தப் பிள்ளை மறுபடி அவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியும். நான் அப்படித்தான் படிக்கிறேன். வீட்டில் நடந்ததை வேறு ஏதோ கதையாக வந்து சொன்ன பிள்ளைகளை வகுப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் ‘இது நிஜமா?’ என்றா கேட்டிருப்பீர்கள்? பக்கத்தில் உட்காரவைத்து முழுசாகச் சொல்லவிட்டிருப்பீர்கள். இவனுக்கும் அது போதும்.

இன்னொன்று. சொல்வது பையனின் குரல் என்றாலும், அவனே வளர்ந்து ஆளாகி, சாவுக்கு ஊர் வந்த நடுத்தர வயதுக்காரராகத்தான் குளத்தங்கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார். முதல் சில பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் சேர்த்து இன்னொரு தரம் படியுங்கள். அவருக்கு எது மறந்துபோயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். பையன் சொல்வதால் சிறுவர் நாவல் என்று நினைத்துவிடுகிறார்கள். 2013-ல் பெரியவர்களுக்காகத்தான் இது வந்தது.