ஐபோனில் கிளவுட் கேமிங்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

ஆப் ஸ்டோர் விதிகளையும் கேம் ஸ்ட்ரீமிங்கையும் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸ்ல எத்தனையோ படம் ஓடுது, ஆப்பிள் ஒண்ணும் சொல்லல. கேம் ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

போனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேம் ஓடுவது எங்கோ ஒரு சர்வரில். உங்களுக்கு வருவது வீடியோ, உங்களிடமிருந்து போவது எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்ற தகவல், அவ்வளவுதான். ஆனால் ஆப்பிளின் வாதம் வேறு: படம் சும்மா பார்ப்பது, கேம் விளையாடுவது, அதனால் ஒவ்வொரு கேமையும் நாங்கள் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவோம் என்றார்கள். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் கேம்களை ஸ்ட்ரீம் செய்யும் தன் எக்ஸ்கிளவுட் சேவையின் சோதனையை ஐபோனில் நிறுத்தியதற்குப் பின்னால் இருந்தது இதுதான். அடுத்த மாதமே விதியைத் தளர்த்திவிட்டோம் என்று ஒரு அறிவிப்பு வந்தது, படித்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்: ஸ்ட்ரீமிங் சேவை வரலாமாம், ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு கேமையும் தனி ஆப்பாகச் சமர்ப்பிக்க வேண்டுமாம். நூறு கேம் என்றால் நூறு ஆப், நூறு ஐகான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சோதனை. பெரிய சேவைகள் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.

பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோர்ட்நைட் கேமைத் தயாரிக்கும் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் 2021-ல் வந்த தீர்ப்பைப் பாருங்கள், ஆப் ஸ்டோர் வருமானத்தில் சுமார் 70 சதவீதம் கேம்களிலிருந்துதான் வருகிறது என்று நீதிபதியே எழுதியிருக்கிறார். காசு கொட்டுகிற இடத்தில்தானே காவலும் பலமாக இருக்கும்?

கேள்வி: அப்ப ஐபோன்ல விளையாட வழியே இல்லையா அண்ணா?

இருக்கிறது தம்பி, பிரவுசர் வழியாக. ஆப் ஸ்டோர் விதி ஆப்புக்குத்தான், இணையதளத்துக்கு இல்லை. என்விடியாவின் கேம் ஸ்ட்ரீமிங் சேவையான ஜீஃபோர்ஸ் நவ் 2020 நவம்பரில் ஐபோனின் சஃபாரி பிரவுசருக்கு வந்தது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சேவை 2021-ல் வந்தது. சேவையின் தளத்தை சஃபாரியில் திறந்து, மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பெட்டி மாதிரி இருக்கும் பகிர்வு பட்டனைத் தொட்டு, ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ கொடுங்கள். அப்புறம் சஃபாரியை மூடிவிட்டு அந்தப் புது ஐகானிலிருந்து திறங்கள். முகவரிப் பட்டை போய்விடும், பார்க்க ஆப் மாதிரியே இருக்கும்.

மாதிரிதான், ஆப் இல்லை. ஒரு நேட்டிவ் கேம், அதாவது போனிலேயே ஆப்பாக நிறுவிய கேம், திரை ஓரத்தில் விரல் பட்டதும் வெளியே போய்விடாதே, இரண்டாம் முறை இழுத்தால் மட்டும் போ என்று ஐஓஎஸ்ஸிடம் சொல்லி வைக்கலாம். வலைப்பக்கத்துக்கு அந்த உரிமை கிடையாது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது கட்டைவிரல் அடிப்பட்டையில் கொஞ்சம் வழுக்கினாலும் நேராக ஹோம் ஸ்கிரீனுக்கு வந்து நிற்பீர்கள். அதனால் ப்ளூடூத் கன்ட்ரோலர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஐஓஎஸ் 13 முதலே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் இணைகின்றன.

கேள்வி: சஃபாரி சரியில்லன்னா குரோம் போட்டுக்கலாமே?

ஐபோனில் குரோமும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான், அதாவது சஃபாரியை இயக்கும் அதே எஞ்சின், பெயர்ப்பலகை மட்டும் வேறு. ஐஓஎஸ் 17.4 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எஞ்சினுக்கு அனுமதி உண்டு, மற்ற பெரும்பாலான இடங்களில் இதே கதைதான்.

கேள்வி: 2024-லயே தடையை எடுத்துட்டாங்கன்னு படிச்சேனே. பெரிய சேவைகள் ஏன் உடனே ஆப்பா வரல?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2024 ஜனவரியில், ஒரே ஆப்புக்குள் முழு கேம் பட்டியலையும் வைத்து ஸ்ட்ரீம் செய்யலாம் என்று உலகம் முழுவதற்கும் அனுமதித்தார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். கேமுக்குள் ஸ்கின் (பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் உடை) வாங்குகிறீர்கள், கூடுதல் பகுதி வாங்குகிறீர்கள், சந்தா கட்டுகிறீர்கள், இதெல்லாம் ஆப்புக்குள்ளேயே பணம் கட்டும் ஆப்பிளின் இன்-ஆப் பர்சேஸ் வழியாகப் போக வேண்டியிருந்தது, அதில் கமிஷன் பொதுவாக 30 சதவீதம் (சிறிய நிறுவனங்களுக்கு 15). கமிஷனை விடுங்கள், சர்வரில் ஓடுவது கன்சோலுக்காக எழுதிய கேம், அதன் கடை வேறு கம்பெனியுடையது. ஒவ்வொரு கேமிலும் ஆப்பிளின் கட்டண முறையைப் புதிதாகச் செருக எந்த ஸ்டுடியோ உட்காரும்? கதவைத் திறந்துவிட்டு வாசலில் உண்டியல் வைத்த கதை.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் நிலைமை மாறியது. வெளியே பணம் கட்டச் சொல்லும் லிங்க்குக்கு ஆப்பிள் கமிஷன் வாங்கக் கூடாது என்று அதே எபிக் வழக்கில் 2025 ஏப்ரலில் நீதிமன்றம் கறாராகச் சொன்னது, அடுத்த மாதமே எபிக்கின் ஃபோர்ட்நைட் அங்கே ஐபோனுக்குத் திரும்பியது. வழக்கு அதோடு ஓயவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது.

கேள்வி: ரிமோட் ப்ளே ஆப் எல்லாம் ஆப் ஸ்டோர்லயே இருக்கு. அது மட்டும் எப்படி?

அது உங்கள் சொந்த கன்சோலிலிருந்தோ கணினியிலிருந்தோ வருகிற ஸ்ட்ரீம். அதற்கு விதியில் தனி இடம் உண்டு. அதிலும் தகராறு வராமல் இல்லை, கணினியில் ஓடும் கேமை போனுக்கு அனுப்பும், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் லிங்க் ஆப் 2018 மேயில் மறுக்கப்பட்டு ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

கேள்வி: நான் ஆண்ட்ராய்டு. எனக்கு இதெல்லாம் கவலையே இல்லைதானே?

பெரும்பாலும் இல்லை. கூகுள் பிளே ஸ்ட்ரீமிங் ஆப்புகளைத் தடுக்கவில்லை, பிடிக்கவில்லை என்றால் ஏபிகே (கடைக்கு வெளியே கிடைக்கும் ஆப் கோப்பு) போட்டுக்கொள்ளலாம். ஆனால் காசு விஷயத்தில் அங்கேயும் இழுபறி உண்டு. 2020-ல் எக்ஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமிங் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது சாம்சங்கின் கேலக்ஸி ஸ்டோரில் இருந்த ஆப்பில் உள்ளேயே பொருள் வாங்க முடிந்தது, கூகுள் பிளே வழியாக வந்ததில் முடியவில்லை. ஒரே போன், ஒரே சேவை, எந்தக் கடையிலிருந்து இறக்கினீர்கள் என்பதைப் பொறுத்து வசதி மாறியது.

கேள்வி: எனக்குச் சின்னப் பையன் இருக்கான். ஆப்பிள் ஒவ்வொரு கேமையும் பார்த்துத்தான் விடும்னா அது நல்லதுதானே சார்?

கவலை நியாயம்தான். ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஆப்பாக வந்திருந்தால் ஐபோன் அமைப்புகளில் உள்ள ஸ்கிரீன் டைமில் வயது வரம்பு போட்டால் போதும். பிரவுசருக்குத் தள்ளிவிட்டதால் அந்த ஆப் வரம்பு அங்கே எடுபடாது, வலைத்தளக் கட்டுப்பாட்டைத் தனியாக அமைக்க வேண்டும், கேம் சேவையின் கணக்கிலும் குழந்தைக் கணக்கு வைக்க வேண்டும். பாதுகாப்பைச் சொல்லிப் போட்ட விதி, வீட்டில் இருக்கிற பெற்றோருக்கு வேலையைக் கூட்டியதுதான் மிச்சம். வலைத்தளக் கட்டுப்பாடு, குழந்தைக் கணக்கு இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள்.

கேள்வி: கேம் கம்பெனியோட சான்றிதழ்னு சொல்லி ஒரு தளத்துல ஆப் தர்றாங்க, போடலாமா?

வேண்டாம். ஆப் ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவ உதவும் அப்படிப்பட்ட சான்றிதழை ஆப்பிள் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும், ஆப் திறக்காது. அதைவிட, அந்த ஆப்பை யார் தட்டிக்கொட்டி மாற்றினார்கள் என்று தெரியாது. பிரவுசர் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கேள்வி: மொபைல் டேட்டாவில் ஆடினால் எவ்வளவு போகும்?

நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஸ்ட்ரீம் வந்தால் மணிக்கு 4.5 ஜிபி. தரத்தைக் கூட்டினால் இன்னும் ஏறும். முடிந்தவரை வைஃபை, அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் போடுங்கள். வழி இல்லையென்றால் சேவையின் அமைப்புகளில் வீடியோ தரத்தை 720p-க்கு இறக்குங்கள், போன் திரையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது.