பிரபஞ்சம் கடைசில என்ன ஆகும்? கேளுங்க, சொல்றேன்

தஞ்சாவூர் பக்கம் 22 வருஷமா பிசிக்ஸ் சொல்லிக்குடுக்கறேன். முதல்லயே ஒண்ணு, டார்க் மேட்டர் வேற, டார்க் எனர்ஜி வேற. முன்னது கண்ணுக்கு தெரியாத பொருள், ஈர்ப்பால இழுத்து சேக்கும்; பின்னது பிரபஞ்சம் விரியறத வேகப்படுத்தற ஏதோ ஒண்ணு. தயவுசெஞ்சு குழப்பாதீங்க.

கும்பகோணம் தம்பி: டார்க் எனர்ஜின்னு ஒண்ணு இருக்குன்னு எப்படி சார் தெரியும்?

1998ல ரெண்டு டீம் தூரத்து சூப்பர்நோவாக்கள, அதாவது வெடிச்சு சிதறற நட்சத்திரங்கள அளந்தாங்க. ஈர்ப்பு இழுக்கறதால விரிவு வேகம் குறையும்னுதான் நினைச்சிருந்தாங்க, ஆனா அதுங்க எதிர்பாத்தத விட மங்கலா, அதாவது இன்னும் தூரமா இருந்துச்சு, அப்போ வேகம் கூடிட்டு இருக்கு. 2011ல நோபல். உங்க ஊர் காபியே எடுத்துக்கோங்க, தண்ணி கலந்தா டிகாக்ஷன் நீத்துப்போகும்ல, இடம் விரிய விரிய பொருளும் அப்படித்தான். டார்க் எனர்ஜி ஐன்ஸ்டீன் 1917ல தன் சமன்பாட்டுல போட்ட மாறிலியா (மாறாத எண்ணா) இருந்தா எவ்ளோ விரிஞ்சாலும் நீத்துப்போகாது, அதான் கடைசில அது கை ஓங்குது. இப்பவே பிரபஞ்சத்துல இருக்கற மொத்த ஆற்றல்ல சுமார் 68 சதவீதம் அதுதான்.

மன்னார்குடி அக்கா: பூமியும் விரியுதா?

இல்லக்கா. ஈர்ப்புல கட்டுண்டது விரியாது. பூமி, சூரிய குடும்பம், நம்ம கேலக்ஸி (நட்சத்திர மண்டலம்) எதுவும்.

திருவாரூர் நண்பர்: நம்ம உடம்பு?

அதுவும் விரியாது. ஆனா அத கட்டி வச்சிருக்கறது ஈர்ப்பு இல்ல, அணுக்களுக்கு நடுவுல இருக்கற மின்விசை.

மயிலாடுதுறை அண்ணன்: டார்க் எனர்ஜி பலவீனமாகுதுன்னு டெசி சொல்லிடுச்சே. அப்போ எல்லாம் சுருங்கிடும்!

அண்ணே, சொல்லிடல. டெசிங்கறது அமெரிக்காவுல அரிசோனால தொலைநோக்கில பொருத்தின ஒரு கருவி. அது கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி கேலக்ஸி, குவேசர் (ரொம்ப பிரகாசமான தூரத்து கேலக்ஸி மையம்) அளந்து 2025 மார்ச்ல ஒரு சாடை காட்டுச்சு, எந்த சூப்பர்நோவா டேட்டாவ சேக்கறோம்ங்கறத பொறுத்து 2.8லேந்து 4.2 சிக்மா (தற்செயலா வந்திருக்க வாய்ப்பு எவ்ளோ கம்மின்னு சொல்ற அளவு). கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 வேணும். அப்புறம், பலம் குறையறது வேற, சுருங்கறது வேற. மேட்டூர்ல திறப்ப குறைச்சா காவிரி பின்னாடியா ஓடும்? டார்க் எனர்ஜி சைபருக்கே வந்தாலும் விரிவு மெதுவாகும், நிக்காது. திரும்பி சுருங்கணும்னா நெகட்டிவ் ஆகணும்.

அண்ணன்: ஆகாதுன்னு யார் சொன்னா?

யாரும் சொல்லல. ஆகலாம். ஆனா டெசி அளந்தது கடந்த காலத்த. அத வச்சு முடிவு தேதி குறிக்கற வீடியோ எதையும் நம்பாதீங்க, மாணவர்கள்ட்ட தினம் இததான் மன்றாடறேன்.

இன்னொருத்தர்: டார்க் மேட்டர் தள்ளறதால...

முதல் பத்திய படிங்க.

நாகப்பட்டினம் பாப்பா: பக்கத்து கேலக்ஸி ஆண்ட்ரோமெடாவும் விலகிப் போயிடுமா?

அருமையான கேள்விம்மா. போகாது, நம்மள நோக்கி வருது, நொடிக்கு சுமார் 110 கிலோமீட்டர். அடுத்த 1000 கோடி வருஷத்துல மோதறதுக்கு பாதிக்கு பாதிதான் வாய்ப்புன்னு 2025ல ஒரு கணக்கு வந்துச்சு. விரிவு இப்படியே போனா 10,000 கோடி வருஷத்துக்கு மேல மத்த கேலக்ஸி எல்லாம் கண்ணுக்கு எட்டாம போயிடும், இந்த பக்கத்து கூட்டம் மட்டும் மிஞ்சும். தை அமாவாசைய ஒட்டி ராத்திரி ஏழு மணிக்கு வெளிச்சமில்லாத வயலுக்கு அப்பாவோட போய், வடமேற்குல உசரத்துல பாரு, சின்ன புகை திட்டு மாதிரி தெரியும். 25 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம் அது.