‘அஷ்யூர், எ பெண்ட் ஓர்’: பட்டை எந்தப் பக்கம் சாயும்?
தலைப்பில் உள்ளது ஐரோப்பியக் கேடயச் சின்னத்தை வர்ணிக்கும் சொற்றொடர்: நீல நிலம், அதில் ‘பெண்ட்’ எனும் பொன்னிறச் சாய்வுப் பட்டை. அதைப் படித்து நீங்கள் வரைந்த படத்தில் பட்டை வலது மேலிருந்து இடது கீழே இறங்குகிறது; அது தலைகீழ்ச் சாய்வு. நீல நிலத்தில் அந்தப் பொன் பட்டை, பார்ப்பவரின் இடது மேல்மூலையில் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் இறங்க வேண்டும்.

பெண்ட் ‘டெக்ஸ்டர்’ (வலது) மூலையில் தொடங்கும் என்று படித்து, அதை உங்கள் வலது என்று எடுத்திருப்பீர்கள். எல்லோரும் ஒருமுறை வழுக்கும் இடம் இது. அது கேடயத்தைப் பிடித்திருக்கும் வீரனின் வலது.

ஒரு சாப்பாட்டுத் தட்டை மார்புக்கு முன் பிடியுங்கள். வலது தோளிலிருந்து இடது இடுப்புவரை நாடா ஒட்டி, எதிரே நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி வேண்டாம், அது குழப்பும்.

(இதே சின்னத்துக்காகத்தான் ஸ்க்ரோப், குரோவ்னர் என்ற இரு ஆங்கிலேய வீரர்கள் 1385இல் வழக்குக்குப் போனார்கள். ஸ்க்ரோப் ஜெயித்தார்.)

ஒன்று மட்டும்: மூலத்தில் ‘பெண்ட் சினிஸ்டர்’ (வீரனின் இடது மூலையில் தொடங்கும் பட்டை) என்று இருந்தால் உங்கள் படமே சரி. அப்புறம், முத்திரை அச்சைப் பார்த்து வரையாதீர்கள். அதில் எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும், மெழுகில் பதிந்த பிறகே நேராகும்.