புதிய காட் விளையாட்டு: பெட்டி வாங்கி அடுக்கி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது, ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். நானும் இரண்டு கூட்டாளிகளும் ஒன்லைனில் 'லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்' விளையாடுகிறவர்கள். அதே கதாபாத்திரங்களை வைத்து 'ரிஃப்ட்பவுண்ட்' என்று ஒரு காட் விளையாட்டு வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது காட் பக்கற்றுகள் உள்ள உடைக்காத பெட்டி இரண்டு கொண்டுவந்து தருகிறேன், 80,000 ரூபாய் முடியும், வைத்திருந்தால் சில வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். கையில் கச்சான் விற்ற காசு இருக்கிறது. விளையாடவும் ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா? இந்த விளையாட்டு நின்று பிடிக்குமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசை கலந்து கிடக்கிறது. ஒன்று விளையாடுவது, மற்றது காசைப் பெருக்குவது. பெட்டியை உடைத்தால் இரண்டாவது போய்விடும், உடைக்காவிட்டால் முதலாவது இல்லை. அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

விளையாட்டு நல்லது. வவுனியாவில் மருமகனோடு இருந்து ஐந்தாறு ஆட்டம் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாயகன், 40 காட் கொண்ட ஒரு கட்டு, காட்டுகளை இறக்கச் செலவழிப்பதற்கு 'ரூன்' என்று 12 காட் வேறாக. நடுவில் இரண்டு களம். களத்தைப் பிடித்தால் புள்ளி, பிடித்த களத்தை அடுத்த முறை வரை விடாமல் வைத்திருந்தாலும் புள்ளி. முதலில் 8 எடுப்பவர் வென்றார். நாங்கள் புளியங்கொட்டையை அடுக்கித்தான் எண்ணினோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரூன் தனியாக இருப்பது. 1993இல் வந்த 'மெஜிக்' என்ற காட் விளையாட்டில் செலவுக்கான காட்டும் சண்டைக்கான காட்டும் ஒரே கட்டில் கலந்திருக்கும். கை சரியில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாமல் எதிராளி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதில் ஒவ்வொரு முறையும் இரண்டு ரூன் தானாக வருகிறது. ஆகவே தோற்றாலும் விளையாடித் தோற்ற திருப்தி உண்டு. நாலு பேர் இருந்தால் இரண்டு சோடியாகவும் விளையாடலாம். 304 அடித்துப் பழகிய எங்களுக்கு அது உடனே பிடிபடும்.

ஆனால் 304க்கு என்ன செலவு? ஒரு கட்டு வாங்கி, 2 முதல் 6 வரை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சம் 32 காட்டை நாலு பேர் வருடக் கணக்காக அடிக்கலாம். மூலை பிய்ந்த பிறகும் அடிப்போம். இங்கே ஆளுக்கு ஒரு கட்டு வேண்டும், கொம்பனி புதிது புதிதாகத் தொகுதிகளை விட்டுக்கொண்டே இருக்கும், பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதும் உடைத்த பிறகுதான் தெரியும். ஒரு பெட்டியில் 24 பக்கற், பக்கற்றுக்கு 14 காட், மொத்தம் 336. அவ்வளவு இருந்தும் நீங்கள் நினைத்த கட்டு அதிலிருந்து சேரும் என்று சொல்ல முடியாது.

நின்று பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை உருவாக்கிய ரயட் பெரிய கொம்பனி, அவர்களுடைய 'லீக்' 2009 முதல் ஓடுகிறது, அது பலம்தான். ஆனால் இதே ரயட் 2020இல் 'லெஜண்ட்ஸ் ஒஃப் ரூனட்டெரா' என்று கொம்பியூட்டர் காட் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதுவும் இதே கதாபாத்திரங்கள்தான். 2024 ஜனவரியில் ஆட்களைக் குறைத்தபோது அதைச் சுருக்கிவிட்டார்கள். 'மெஜிக்'கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே வடிவமைத்து, வால்வ் என்ற பெரிய கொம்பனி 2018இல் வெளியிட்ட 'ஆர்ட்டிஃபக்ட்' என்ற கொம்பியூட்டர் காட் விளையாட்டு மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. 'மெட்டாஸூ' என்ற காட் விளையாட்டை ஆட்கள் காசு பெருகும் என்று பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். கொம்பனி 2024இல் மூடப்பட்டது. மறுபக்கம், 'நெற்றன்னர்' என்ற விளையாட்டைக் கொம்பனி 2018இல் கைவிட்டது. விளையாடிய ஆட்கள் விடவில்லை, தாங்களே புதுக் காட் வரைந்து இன்றைக்கும் நடத்துகிறார்கள். ஒரு காட் விளையாட்டின் ஆயுள் மேசைக்கு எதிரே வந்து இருக்கிற ஆட்களிடம்தான் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ரொறன்ரோவில் கடைக்குப் போனால் விளையாட ஆள் கிடைக்கும். உங்களுக்கு மாங்குளம் சந்தியில் அப்படி ஒரு கடை இல்லை. அங்கே அது பத்து வருடம் ஓடினாலும், ஒட்டுசுட்டானில் ஓடுவது உங்கள் மூன்று பேரின் கையில்தான்.

இனிப் பெட்டிக் கணக்கு. மச்சான் பொய் சொல்லவில்லை, வெளிவந்த புதிதில் சரக்குப் போதாமல் விலை ஏறியது உண்மை. 2023இல் 'லோர்கானா' என்ற காட் விளையாட்டு வந்தபோதும் அப்படித்தான் முதல் தொகுதிக்கு அடிபட்டார்கள். கொம்பனி திரும்ப அச்சடித்தது, விலை இறங்கியது. கொம்பனிக்கு அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. சரி, விலை ஏறுகிறது என்றே வைப்போம். முல்லைத்தீவில் யார் வாங்குவார்? திரும்பக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் கூலி, அங்கே விற்றுத் தருகிறவரின் பங்கு எல்லாம் கழித்தால் இரட்டிப்பு எங்கே?

இன்னொன்று எங்கள் மாரி. மருமகனுக்கு லண்டனிலிருந்து வந்த மினுமினுப்புக் காட்டுகளை அலுமாரியில் வைத்திருந்தான். தை பிறந்து எடுத்துப் பார்த்தால் பொரித்த பப்படம் மாதிரி வளைந்து நிற்கின்றன. மேலே மெல்லிய தகடு, கீழே ஈரம் குடிக்கும் கடதாசி, வளையாமல் என்ன செய்யும்? பெட்டி உடைக்காமல் இருந்தாலும் ஈரம் உள்ளே போகும். கறையானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு சதமும் கொடுக்காமல் தொடங்குவேன். விதிகளும் காட்டுகளின் படங்களும் ரயட்டின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரு கொமினிகேசனில் இரண்டு கட்டை அச்சடித்து வெட்டி, பழைய காட்ஸின் மேல் வைத்துப் பிளாஸ்ரிக் உறைக்குள் செருகுங்கள். வீட்டில் விளையாடப் போதும். விற்கவோ போட்டிக்குக் கொண்டுபோகவோ கூடாது. எழுத்து எல்லாம் ஆங்கிலம், தமிழில் இல்லை. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுகிற கூட்டாளி இருந்தால் ஒவ்வொரு காட்டுக்கும் கீழே தமிழில் எழுதியே அச்சடிக்கலாம், அசலில் அந்த வசதி கிடையாது. இரண்டு மாதம் கிழமைக்கு ஒரு நாள் கூடி விளையாடுகிறீர்களா என்று பாருங்கள். கூடுகிறீர்கள் என்றால் அசலை வாங்குங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முகநூலில் மலிவாக வரும் பெட்டிகளை நம்பவேண்டாம், போலி கனக்க வருகிறது. இங்கே கடையில் வாங்கினால் பில் கேட்டு எடுங்கள். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் அந்த வழி இல்லை.

மச்சான் அன்போடு கேட்டிருக்கிறார், வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லவேண்டாம். 'புரூவிங் கிரவுண்ட்ஸ்' என்று நாலு தயார்க் கட்டு உள்ள ஒரே பெட்டி இருக்கிறது, அனி, காரென், லக்ஸ், மாஸ்டர் யி என்ற நாலு கதாபாத்திரங்களுக்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டு பெரிய பெட்டிக்குப் பதில் அது ஒன்றையும், உறை ஒரு 200உம் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்து இறங்கியதும் மச்சானையே நாலாவது ஆளாக இருத்தி விளையாடுங்கள். மிச்சக் காசை அடுத்த போகத்துக் கச்சான் விதைக்கு வையுங்கள்.