ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர்களே, நீங்கள் கற்பித்த மொழி உங்களுக்கு என்ன கற்றுத் தந்தது?

சென்னையில் 31 வருடம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்துவிட்டு 2017-ல் ஓய்வுபெற்றேன். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுத் தந்தது. அதையும் ரொம்பத் தாமதமாகத்தான் கற்றேன்.

ஜெர்மன் என்றாலே எல்லோரும் டெர், டீ, டாஸ் என்று, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து பால் காட்டும் சொற்களைப் பற்றிப் புலம்புவார்கள். மேசை ஆண், கதவு பெண், சின்னப் பெண் மட்டும் அஃறிணை. அதைப் பெரும்பாலும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், நானும் அப்படித்தான் படித்தேன். என்னைப் பிடித்துக்கொண்டது வினைச்சொல். "மாஹ் டீ ட்யூர்..." என்று ஒருவர் ஆரம்பித்தால், கதவை ஏதோ செய்யச் சொல்கிறார் என்பது மட்டும் தெரியும். கடைசியில் "அவுஃப்" வந்தால் திற, "த்ஸூ" வந்தால் சாத்து. அதுவரை கதவுப் பிடியில் கையை வைத்தபடி காத்திருக்க வேண்டியதுதான். தமிழிலும் இதே கதைதானே? "கதவை..." என்று நிறுத்தினால் யாருக்கு என்ன புரியும்?

2007-ல் ஒரு விதி வந்தது. ஜெர்மனியில் இருக்கும் கணவனோடு போய்ச் சேர விசா வேண்டுமானால், கிளம்புமுன்பே ஏ1 என்ற தொடக்க நிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு, தாலிக்கயிற்றில் மஞ்சள் காயாத பெண்கள் வகுப்புக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, பன்னிரண்டாவதுவரை தமிழ்வழியில் படித்தவள். ஏ1 முடித்துவிட்டு, விசா வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அடுத்த நிலையிலும் சேர்ந்தாள். அங்கே "வைல்" வரும், அதாவது "ஏனென்றால்". காரணம் சொல்லும் வாக்கியம், வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலவழியில் படித்த இன்ஜினியர் பையன்கள் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து, வினையை நடுவிலேயே போட்டுத் தவித்தார்கள். இவள் தடங்கலே இல்லாமல் சொன்னாள். எப்படி என்று கேட்டேன். "நம்ம மாதிரியே கடைசியில கொண்டாந்து வச்சா சரியாப் போச்சு மேடம்."

அதே பெண்தான் இன்னொரு நாள் என்னைப் பிடித்தாள். அவள் ஒரு வாக்கியத்தில் திணறியபோது, வழக்கம்போல வினையை நான் எடுத்துக்கொடுத்தேன். "மேடம், நீங்களே முடிச்சிட்டா நான் எப்ப முடிக்கறது?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. உதவி என்று நினைத்து இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்துவந்த காரியம் அது.

ஜெர்மன் எனக்குத் தந்த இன்னொன்று, பாட்டு. ஜெர்மனில் ஓர் உயிரொலி இருக்கிறது, நம் எழுத்தில் எழுத முடியாது. நாக்கு "ஈ" சொல்ல வேண்டும், உதடு "ஊ"வுக்குக் குவிய வேண்டும். பேசச் சொன்னால் யாருக்கும் வராது, பாடினால் வரும். பாட்டில் உயிரொலி நீள்கிறது, உதட்டுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. அதற்காகவே ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் லிண்டன் மரப் பாட்டை வகுப்பில் பாடவைப்பேன். அது "வின்டர்ரைஸ" என்ற பனிக்காலப் பயணத் தொகுப்பில் ஐந்தாவது பாட்டு. மொத்தம் 24. 1827-ல் இசையமைத்தார், அடுத்த வருடமே 31 வயதில் இறந்துபோனார்.

பாடல்களை எழுதியவர் வில்ஹெல்ம் ம்யூல்லர். அவரும் அதே 1827-ல் போய்விட்டார், வயது 32. அப்போது அவருடைய மகனுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர். ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் கோத்தே நிறுவனத்துக்கே இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்றுதான் பெயர், அவரோ கடைசிவரை இந்தியாவுக்கு வரவே இல்லை. மகன் பெயர் நம் ஊர்ப் பலகையில் இருக்கிறது, அப்பா எழுதியதை யாரும் கேட்பதில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு சின்ன வருத்தம்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தொகுப்பை முதலில் கேட்டபோது எனக்கே பிடிக்கவில்லை. ஒரே அழுகையாக இருக்கிறதே என்று தோன்றியது. ஸ்ருதிப்பெட்டி வீட்டில் வளர்ந்தவள் நான், அந்தப் பியானோ காதில் ஒட்டவில்லை. கடைசிப் பாட்டில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பனியில் வெறுங்காலோடு ஒரு கிழவர், கையால் சுற்றும் வாத்தியத்தை வாசித்துக்கொண்டு நிற்கிறார். காசுத்தட்டு காலி, கேட்பாரில்லை. பியானோவின் இடது கை ஆரம்பம்முதல் முடிவுவரை ஸ-ப, ஸ-ப என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு ஸ்ருதிதான்! அம்மா இருந்திருந்தால் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

மூன்று வருடம் முன்பு என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டன, பேச்சுதான் நின்று நின்று வருகிறது. பெயர்ச்சொற்கள் வந்துவிடும், வினைக்குத்தான் தேட வேண்டியிருக்கிறது. "காபி..." என்பார். பார்க்க வந்தவர்கள் உடனே, "காபி வேணுமா சார்? சூடா இருக்கா சார்?" என்று அடுக்குவார்கள். நான் அவர்களைக் கையமர்த்திவிட்டுக் காத்திருப்பேன். சில சமயம் ஒரு நிமிடம்கூட ஆகும். "...வேண்டாம்" என்று வரும். நம் மொழியில் வேண்டுமும் வேண்டாமும் கடைசியில்தானே இருக்கின்றன.

போன வாரம் சாயங்காலம் அந்தக் கிழவர் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தேன். "அந்தப் பாட்டை..." என்றார். காத்திருந்தேன். திரும்பப் போடு என்பார், இல்லாவிட்டால் சத்தமாக வை என்பார் என்று மனசுக்குள் நானே வினையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், பழைய புத்தி. கையைத் தூக்கினார், உதடு அசைந்தது, நேரம் எடுத்தது.

"...நிறுத்து."