பகைவனோடு ஒரு வேளைச் சாப்பாடு

கேள்வி: அம்மாவின் மருத்துவச் செலவை யார் கொடுத்தது என்பதில் தொடங்கிய சண்டை. அண்ணனோடு பேச்சு நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் அவர் வீட்டில் அம்மாவின் திதி. போவதா, வேண்டாமா? இதற்கிடையே மகளுக்காக வாங்கிய கிரேக்கப் புராணக் கதைகளைப் படித்தேன். எங்கும் பொறாமை, பழி, கொலை. இவற்றிலிருந்து இந்தக் காலத்தில் நாம் என்ன கற்றுக்கொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். எனக்கு இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

பழிக் கதைகள் அங்கே ஏராளம்தான். மெடியா பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாள். ஏட்ரியஸ் உடன்பிறந்தவனுக்கு அவன் பிள்ளைகளையே சமைத்துப் பரிமாறுகிறான். அவற்றை மகளுக்குச் சொல்ல அவசரம் வேண்டாம். நீங்கள் மட்டும் ஹோமர் என்ற கிரேக்கக் கவிஞரின் இலியட் காவியத்தில் கடைசிப் பகுதியை, அதாவது 24-ஆவதை, படித்துப் பாருங்கள்.

டிராய் நகரைக் கிரேக்கர்கள் முற்றுகையிட்ட போரில், கிரேக்க வீரன் அக்கிலீஸின் உயிர் நண்பனை டிராய் இளவரசன் ஹெக்டர் கொன்றான். ஹெக்டரை அக்கிலீஸ் கொன்றான். கணக்கு தீர்ந்தது. ஆனால் அக்கிலீஸுக்குத் தூக்கமே வரவில்லை. பிணத்தைத் தேரில் கட்டி, நண்பனின் சமாதியைச் சுற்றி விடிந்தால் இழுக்கிறான்.

ஹெக்டரின் தந்தை, முதிய மன்னர் பிரியாம், மனைவி தடுத்தும் கேளாமல் வண்டி நிறையப் பொருளோடு இரவில் எதிரியின் பாசறைக்குப் போகிறார். மகனைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப் பார், அவருக்கும் என் வயதுதானே என்கிறார். இருவரும் அழுகிறார்கள்: அவர் ஹெக்டருக்காக, இவன் தூரத்தில் தனித்திருக்கும் தந்தைக்காகவும் நண்பனுக்காகவும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. உட்காரச் சொன்னால், முதலில் உடலைக் கொடு என்கிறார் பிரியாம். அக்கிலீஸின் முகம் மாறுகிறது. என்னைச் சீண்டாதே என்று எச்சரித்துவிட்டு வெளியே போகிறான். உடலைக் கிழவரின் கண்ணில் படாமல் தள்ளி வைத்துக் கழுவும்படி பணிப்பெண்களிடம் சொல்கிறான். பார்த்தால் அவர் கொதிப்பார், பதிலுக்குத் தான் நிலைதவறி அவரைக் கொன்றுவிடக்கூடும் என்ற பயம் அவனுக்கு. அவ்வளவு பெரிய கோபக்காரன், தன் கோபம் எங்கே கிளம்பும் என்று அறிந்து முன்கூட்டியே அந்த வழியை அடைக்கிறான்!

பிறகு ஆடு அறுத்து, சுட்டு, இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மகன் இறந்தபின் பிரியாம் வாயில் வைக்கும் முதல் உணவு அது. ஈமச்சடங்குக்காக 11 நாள் போர் நிறுத்தம். 12-ஆம் நாள் தேவையானால் மறுபடி போர். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் நண்பர்களாகவும் ஆகவில்லை.

திதிக்குப் போங்கள். செலவு விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, அன்றைக்குப் பேச வேண்டாம் என்கிறேன். உங்களைக் கொதிக்க வைப்பது எது? மருத்துவமனை ரசீதா, உறவினர் யாருடைய வாயா? அது அன்று எதிரே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியிடம் முன்னதாகவே போனில் சொல்லி வைக்கலாம். படையல் முடிந்ததும் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கணக்கை இன்னொரு நாள், இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசலாம்.