புகைத்தும் தொண்ணூறு வயது வாழ்ந்த தாத்தா: நோய்க் காரணிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா வாழ்நாள் முழுக்கப் புகைத்தார்; தொண்ணூறு வயதில்தான் இறந்தார். அப்படியிருக்க, புகை ஆளைக் கொல்லும் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள், டாக்டர்?

பதில்: உங்கள் தாத்தா வாழ்ந்தது உண்மை. அவருடன் சேர்ந்து புகைத்து, அறுபதைக்கூடக் காணாமல் போனவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணுவதுதான், மக்கள் கூட்டத்தில் யாருக்கு எதனால் நோய் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலின் வேலை. 1951-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள். பதில் எழுதிய ஆண் மருத்துவர்கள் 34,439 பேர். யார் எப்போது, எதனால் இறந்தார் என்று 50 ஆண்டுகள் குறித்துவந்தார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி, தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். அந்தச் சராசரிக்குள் உங்கள் தாத்தாவைப் போன்றவரும் உண்டு, நாற்பத்தைந்தில் போனவரும் உண்டு. நாம் எந்தப் பக்கம் விழுவோம் என்பது முன்கூட்டியே தெரியாது.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது. இனிமேல் விட்டு என்ன பயன்?

பதில்: நிறையப் பயன் இருக்கிறது! அதே ஆய்வில் 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50-இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 40-இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும் ஆயுள் கூடியது. இன்றே விடுங்கள்.

கேள்வி: மாரடைப்பு பரம்பரையாக வருவதா, வாழும் முறையால் வருவதா?

பதில்: இரண்டுக்கும் பங்குண்டு. ஆனால் பரம்பரை மட்டுமே காரணமில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஜப்பானில் வாழ்ந்த ஜப்பானியர்களையும், ஹவாயின் ஹொனலூலுவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடியேறிய ஜப்பானிய வம்சாவளியினரையும் 1960-களில் தொடங்கி ஒப்பிட்டார்கள். இதய நோய் ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் அதைவிட அதிகம், கலிஃபோர்னியாவில் எல்லாவற்றிலும் அதிகம். ஒரே வம்சம்தான், மாறியது வாழ்ந்த இடமும் வாழ்க்கையும்.

கேள்வி: நேற்று நல்லது என்கிறீர்கள், இன்று கெட்டது என்கிறீர்கள். எதை நம்புவது?

பதில்: இந்தக் கோபம் நியாயமானது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்பட்ட ஹார்மோன் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை உட்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் கவனித்த ஆய்வு உள்படப் பல ஆய்வுகள் காட்டின. இதயத்தைக் காக்கும் என்று நம்பிப் பலர் விழுங்கினார்கள். பிறகு 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் அந்தச் சோதனையை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை உட்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. இதயத்துக்கும் நன்மை இல்லை.

முதல் ஆய்வுகளில் யாரும் பொய் சொல்லவில்லை. தாமாக மாத்திரையைத் தேடிப் போன பெண்கள் பொதுவாக வசதியுள்ளவர்கள், உடலைப் பேணியவர்கள், மருத்துவரை அடிக்கடி பார்த்தவர்கள். அந்த நலத்தின் பலன் மாத்திரையின் கணக்கில் ஏறிவிட்டது. மாத்திரையைத் தொடங்கிய வயதும் ஒரு காரணம் என்று பின்னர் விவாதித்தார்கள். ஆகவே புதிய ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் 'யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? அவர்கள் வேறு எதில் வேறுபட்டார்கள்?' என்று கேளுங்கள். இதை நான் என் மாணவர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடும் என்று படித்தேன். நூற்றில் 18 பேருக்கு வருமா?

பதில்: இல்லை. வாழ்நாளில் நூற்றில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 சதவீதம் கூடினால் ஏறத்தாழ 6 பேர். 'எத்தனையிலிருந்து எத்தனை' என்பதைச் சொல்லாத தலைப்புச் செய்தி மக்களை வீணாகப் பயமுறுத்துகிறது.

கேள்வி: என் ரத்த அழுத்தம் சற்றுதான் அதிகம். என்னைப் போன்றவர்களும் எதற்கு உப்பைக் குறைக்க வேண்டும்?

பதில்: ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள்தான் ஏராளம். மிக உயர்ந்த அழுத்தம் உள்ளவர்கள் சிலரே. சற்று உயர்ந்த அழுத்தம் உள்ளவர்கள் பல மடங்கு. ஒவ்வொருவருக்கும் ஆபத்து சிறிதென்றாலும், மொத்தத்தில் பெருவாரியான நோயாளிகள் அந்தப் பெருங்கூட்டத்திலிருந்தே வரக்கூடும். பிரிட்டன் நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் இதைத் தெளிவாக விளக்கினார்.

கேள்வி: அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எனக்கும் வருமா என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில்: உங்கள் துயரம் புரிகிறது, அம்மா. வரும், வராது என்று எந்த ஆய்வும் தனி ஒருவருக்குச் சொல்லாது. ஆனால் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளே விளக்கின: புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பு இன்மை முதலியவை. பெரும்பாலானவை அளக்கக் கூடியவை, மாற்றக் கூடியவை. இந்த வாரமே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.